தட்டிக்கொடுத்ததும் தூங்கினான்

பர்னி நகரத் துறைமுகத்துக்கு மேலே, மேட்டுத் தெருவில் இருக்கிறது அந்தக் குழந்தைகள் காப்பகம். பழைய வீடு. சுவருக்கு வெள்ளையடித்து, கதவில் பெங்குவின் படம் ஒட்டியிருந்தார்கள். வியாழக்கிழமை காலை, மழையோடு மழையாக என் ஆல்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். அவனுக்கு எட்டு மாதம். திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். அதற்குள் நான் இல்லாமல் அவன் அங்கே தூங்கப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

"உன் வாசனை இருக்கிற சட்டை கொண்டு வந்தியா, மெரின்?" என்று கேட்டாள் அவனைப் பார்த்துக்கொள்ளப் போகிற லியான். இரண்டு ராத்திரி போட்டுத் தூங்கிய சட்டையைத் துவைக்காமல் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். தொட்டிலில் போட்டால், அம்மா பக்கத்தில் இருப்பதாகக் குழந்தை நினைத்துக்கொள்ளுமாம்.

எடுத்துக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"சோப்பு வாசனைதான் வருது."

சமையலறை நாற்காலியில் கிடந்த சட்டையை டாரில் என்கிற என் கணவன் துவைத்து மடித்து வைத்திருக்கிறான். எட்டு மாதமாக ஒரு துணியையும் தொடாத மகராசனுக்கு நேற்றுதான் பொறுப்பு வந்திருக்கிறது.

"பரவாயில்ல, நான் பாத்துக்கிறேன். முத்தம் குடுத்து, போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போ. அவனுக்குத் தெரியாம நழுவக் கூடாது."

சொல்லிவிட்டுத்தான் வந்தேன். தெருவில் நின்ற காருக்குள்ளும் அவன் அலறல் கேட்டது. நானும் உட்கார்ந்து அழுதேன். இருபது நிமிடம் கழித்து, கழுத்தைப் பிடித்தது போல அலறல் சட்டென்று நின்றது.

கைப்பேசியில், காப்பகத்தின் ஆப்பில் செய்தி வந்தது. "10:40. தட்டிக்கொடுத்ததும் தூங்கினான்." கூடவே ஒரு படம். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை ஒன்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஆல்பி தூங்கிக்கொண்டிருந்தான்.

உள்ளே ஓடினேன். "யாரோட சட்டை அது?"

"தெரியல. தூங்கற ரூம் கதவுக்குப் பின்னால தொங்குச்சு. நான் வேலைக்குச் சேந்தப்பவே இருந்தது. துவைக்காத துணி, ஆள் வாசனை இருந்துச்சு. போட்டதும் அடங்கிட்டான்."

"தட்டிக்கொடுத்தது நீதானே?"

"நான் அவனைத் தொடவே இல்லியே." என் கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். குரல் தணிந்தது. "இதை நான் அனுப்பல, மெரின்."

ஆல்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அவன் பையைத் திறந்தேன். அவன் துணிகளுக்கு அடியில் அந்தக் கம்பளிச் சட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஈர வாடை, புளித்த பால் வாடை. கொண்டுபோய் வெளியே ஷெட்டில் எறிந்தேன்.

அதன் பிறகு ஆல்பி என்னிடம் தூங்கவேயில்லை. மார்பில் அணைத்தால் முறுக்கிக்கொண்டு திரும்பினான். பெற்ற பிள்ளையைத் தூங்க வைக்க எனக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை மதியம் கையும் மனசும் ஓய்ந்துபோய், ஷெட்டிலிருந்து அதை எடுத்துவந்து தொட்டிலில் போட்டேன். வேறு என்ன செய்வதென்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

உடனே அடங்கினான்.

சுவரில் சாய்ந்து கண்ணை மூடினேன்.

தட்... தட்... தட்.

டாரில் விறகு பிளக்கிறான் என்று நினைத்தேன். ஆனால் அவன் கடைக்குப் போயிருந்தான்.

தட்... தட்.

கண்ணைத் திறந்தேன். ஆல்பியின் முதுகில் போர்வை அமுங்கியது. எழும்பியது. மறுபடியும் அமுங்கியது.

அவனை வாரி எடுத்தேன். விழித்து என் முகத்தைப் பார்த்தான். அறியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு வீறிட்டான். இரண்டு கைகளையும் தொட்டிலுக்குப் பக்கத்தில், யாரும் இல்லாத இடத்தை நோக்கி நீட்டினான்.

கைப்பேசி ஒலித்தது. காப்பகத்தின் ஆப்பில் செய்தி. சனிக்கிழமை காப்பகம் பூட்டியிருக்கும்.

"1:05. விழித்துவிட்டான். யாரோ ஒரு பெண் தூக்கிவிட்டாள்."