முன்தேதியிட்டு

மகள் நித்திலாவின் கல்யாண அழைப்பிதழில் ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் இடம் காலியாகக் கிடந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் அந்த இடம் நிரம்பி வழிந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஊற்றாளர், அம்மா ஊற்றாளர், போதாததற்குப் பெரியப்பாவும் ஊற்றாளர். பெண் வீட்டுப் பக்கம் ‘குற்றாலிங்கம் – கோமதி’ என்று மொட்டையாக நின்றது.

“என்னங்க, பேரவையிலேயே இருபத்திரண்டு வருஷமா குப்பை கொட்டுதீங்க. ஒரு சட்டத்துல ஒத்த வரி உங்களோடது இல்லையா?” என்றாள் கோமதி. “அவங்க பெரியப்பா எருமைப் பண்ணை வச்சிருக்காரு. அவருக்கே ஒண்ணு இருக்கு.”

குற்றாலிங்கம் பதில் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டார். பதில் சொல்லாமல் இருப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு வேண்டியிருக்கும்.

தென்கரை மாநிலத்தில் ஊற்றறி என்ற தேடுபொறி வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் சட்டம் என்பது எங்கிருந்தோ வரும், யாரோ எழுதுவார்கள், அவ்வளவுதான். ஊற்றறி அந்த ‘யாரோ’வைப் பிடித்துக் கொடுத்தது. பேருந்து நிறுத்தத்திலும் ரேஷன் கடையிலும் மாட்டியிருக்கும் தொடுதாளில் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவை வேண்டுமானாலும் விரலால் தொடலாம். அந்த வரியை முதன்முதலில் எழுதியவர் யார் என்று பெயரோடு சொல்லிவிடும். உறுப்பினர்களின் பேச்சு, மக்களின் மனு, அதிகாரிகளின் குறிப்பு என்று எல்லாவற்றையும் துழாவி எடுத்துவரும். பெயர் வந்தவர் ஊற்றாளர். ஆரம்பத்தில் அது வெறும் தகவலாகத்தான் இருந்தது. நம் ஜனங்கள் விடுவார்களா? வீட்டு வாசல் பலகையில் ஏறியது, அப்புறம் கல்யாணப் பத்திரிகையில் ஏறியது. இப்போது பெண் பார்க்க வந்தால் காபி வருவதற்கு முன்பே ‘உங்க பக்கம் எத்தனை ஊற்று?’ என்று கேட்கிறார்கள்.

குற்றாலிங்கம் பேரவைத் தகவல் பிரிவில் மூத்த தரவு ஆய்வாளர். எண்பது வருஷத்துப் பேரவை நடவடிக்கைகள், கேள்விகள், மனுக்கள் அத்தனையையும் பிழை நீக்கி, தேதி சரிபார்த்து, ஒரே பெரிய அட்டவணையாக ஆக்கியவர் அவர்தான். எந்த ஊரில் எத்தனை பேர் எதைக் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள், அரசு என்ன செய்தது என்று அதில் எல்லாமே இருந்தது. வாக்கியம் மட்டும்தான் கிடையாது. ஊற்றறிக்கு வேண்டியதோ வாக்கியம். ஆகவே அவர் கணக்கில் முட்டை.

பக்கத்து மேசையில் பெனாசிர். வயது இருபத்தேழு. வேலையில் சேர்ந்து மூன்றே வருஷம். பதினான்கு ஊற்று.

அவள் செய்வது வேறொன்றுமில்லை. குற்றாலிங்கத்தின் அட்டவணையைத் திறப்பாள், பார்ப்பாள், அடியில் இரண்டு வரி எழுதுவாள். ‘இத்தனை பேர் இதனால் அவதிப்படுகிறார்கள், இப்படிச் செய்தால் தீரும்’ என்று. உறுப்பினர் யாராவது அந்த இரண்டு வரியை அவையில் வாசிப்பார், அது சட்டமாகிவிடும். அதிலும் ஒன்று இருக்கிறதே, மூணுநாள் சட்டம், அதை நினைத்தாலே குற்றாலிங்கத்துக்கு அடிவயிறு எரியும். அரசு ஊழியரிடம் யார் கேள்வி கேட்டாலும் மூன்று நாளில் பதில் சொல்ல வேண்டும், தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்றாவது சொல்ல வேண்டும், தெரிந்திருந்தும் தெரியாது என்று சொல்லக் கூடாது. இவ்வளவுதான் சட்டம். மாநிலமே அதைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. கோமதிகூடக் குடிநீர்க் குழாய் விஷயத்தில் அதை வைத்துத்தான் காரியம் சாதித்தாள். சாதித்துவிட்டு, “மகராசி, யார் பெத்த பிள்ளையோ” என்று வேறு சொன்னாள். குற்றாலிங்கத்துக்கு அன்றைக்கு ராச்சோறு இறங்கவில்லை.

தினம் காலையில் டீ குடிப்பதற்கு முன் அவர் பெனாசிரின் ஊற்றாளர் பக்கத்தைத் திறந்து பார்ப்பார். பதினான்குதானா, பதினைந்தாகிவிட்டதா? பதினான்கு என்று இருந்தால் கொஞ்சம் மூச்சு வரும். வயது ஐம்பத்தொன்று, வாழ்க்கையில் இது ஒரு பிழைப்பா என்று அவரே தம்மைக் கேட்டுக்கொண்டதும் உண்டு. கேட்டுவிட்டு மறுநாளும் திறப்பார்.

அன்றைக்கு மொட்டை அழைப்பிதழின் கோபத்தில் இருந்தவருக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. விதியே தப்பு! எழுதியவள் அவள் என்றால், எழுதக் காரணமாக இருந்தது யாருடைய அட்டவணை? காரணமானவருக்குத்தானே பெயர் போக வேண்டும்? ஊற்றறி இப்போது காரணத்தையும் கண்டுபிடிக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. பேரவை அலுவலகத்தில் யார் எதைத் திறந்தாலும், எதை அடித்துத் திருத்தினாலும் மேசைத்தடம் என்று ஒன்று பதிவாகும். அந்தத் தடங்களை வைத்து அது ‘நீக்கிப் பார்க்கும்’. ஒரு காரணத்தை எடுத்துவிட்டு, இது இல்லாவிட்டால் அது பிறந்திருக்குமா என்று ஓட்டிப் பார்ப்பதுதான் நீக்கிப் பார்த்தல். அட்டவணையை நீக்கினால் பெனாசிரின் பதினான்கும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

உடனே உட்கார்ந்து திருத்தக் குறிப்பை எழுதினார். முதல் வரியாக ‘பெனாசிர் என்பவரின் பதினான்கு ஊற்றுகளும்’ என்று தொடங்கி, சீ, அசிங்கமாக இருக்கிறது என்று அழித்தார். அப்புறம் கௌரவமாக எழுதினார். ‘ஊற்றுச் சட்டம், பிரிவு நான்கில், “முதலில் எழுதியவர்” என்பதற்குப் பதிலாக “பிறக்கக் காரணமானவர்” என்று கொள்க.’

பேரவைச் செயலர் தாட்சாயணி அதை இரண்டு தடவை படித்தார். “நல்லாத்தான் இருக்கு குற்றாலிங்கம். உழைச்சவங்க பேரு வெளியே வரும். அமைச்சர்கிட்ட சொல்லுறேன். இன்னையிலிருந்து நடைமுறையா, முன்தேதியிட்டா?”

முன்தேதியிட்டு! அரசு அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே நாக்கில் தேன் வைத்த மாதிரி இருக்கும். பதவி உயர்வு முன்தேதியிட்டு, படி உயர்வு முன்தேதியிட்டு. குற்றாலிங்கத்துக்கோ அன்றைக்கு அது தேனாக மட்டுமில்லை, கத்தியாகவும் தெரிந்தது. இன்றிலிருந்து என்றால் அவளுடைய பதினான்கும் அப்படியே அவளிடம் இருக்கும். முன்தேதியிட்டால் பதினான்கும் இந்தப் பக்கம் வரும்.

“முன்தேதியிட்டுத்தான் அம்மா. ஊற்றறி வந்த நாளிலிருந்தே” என்றார்.

மேசைக்குத் திரும்பியபோது பெனாசிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். “அண்ணாச்சி, உங்க திருத்தத்தைப் பார்த்தேன். ரொம்ப நல்ல திருத்தம். உங்க அட்டவணையை நான் எத்தனை தடவை படிச்சிருக்கேன்னு எனக்குத்தான் தெரியும்.”

இவளுக்குக் கோபம்கூட வராதா? அதுவும் அவருக்குப் பொறுக்கவில்லை.

“ஒண்ணே ஒண்ணு” என்றாள். “அந்த முன்தேதியிட்டு மட்டும் வேண்டாமே, அண்ணாச்சி. இன்னைக்கு முதல்னு வச்சாத்தான் உங்களுக்கு...”

“பயந்துட்டியாக்கும்?” என்று வெட்டினார் குற்றாலிங்கம். “பதினாலும் போயிருமேன்னு கிடந்து அடிச்சுக்குது, என்ன?”

பெனாசிரின் முகம் சுருங்கிவிட்டது. “நான் என்ன சொல்ல வந்தேன்னா...” என்று ஆரம்பித்தவள், அவர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டதைப் பார்த்து எழுந்து போய்விட்டாள்.

வியாழக்கிழமை அவையில் திருத்தம் வந்தது. விவாதமே இல்லை. ‘ஏற்போர் ஆம் என்க’ என்றார் பேரவைத் தலைவர். ‘ஆம்’ என்று ஒரு சத்தம். ‘மறுப்போர் இல்லை என்க’ என்றார். யாரும் வாயைத் திறக்கவில்லை. குற்றாலிங்கம் அதிகாரிகள் மாடத்தில் உட்கார்ந்து, தம்முடைய வரி சட்டமாவதைக் கண்ணால் பார்த்தார். நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் அந்த நேரத்திலும் அவர் கண் போனது எதிர் ஓரத்தில் இருந்த பெனாசிரின் முகத்துக்குத்தான்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஊற்றறி எல்லாச் சட்டங்களையும் மறுபடி ஓட்டி முடித்தது. தகவல் பிரிவில் எல்லாரும் திரையைச் சுற்றி நின்றார்கள். குற்றாலிங்கம் முன்னால் நின்றார்.

பெனாசிரின் முதல் பிரிவு, பேருந்துப் படிக்கட்டின் உயரம் பற்றியது. அட்டவணையை நீக்கிப் பார்த்த ஊற்றறி எழுதியிருந்தது: ‘ஒன்பது நாள் தாமதமாகப் பிறந்திருக்கும். எனினும் பிறந்திருக்கும்.’ அவள் தெருவில் முட்டிவலியோடு பூ விற்கும் ஒருத்தியின் பெயர் காரணமாக வந்திருந்தது. இரண்டாவது பிரிவிலும் அட்டவணை இல்லாமல் ஏழு நாள் தாமதம், அவ்வளவுதான். மூன்றாவதும் அப்படியே. பெனாசிரின் பெயர் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது வாஸ்தவம். ஆனால் பார்த்தவரை எதுவும் குற்றாலிங்கத்திடம் வரவில்லை. ஏதோ ஒரு தையல்காரர், ஏதோ ஒரு பள்ளிக்கூட ஆயா என்று ஊர்ப்பட்ட பேரிடம் போய்க்கொண்டிருந்தது.

“சரி, நேத்து வந்த திருத்தம் இருக்குல்ல? அது நான் எழுதினதுதானே?” என்று அவரே விரலை நீட்டித் தொட்டார்.

‘பிரிவு நான்கு, திருத்தம். எழுதியவர்: குற்றாலிங்கம். பிறக்கக் காரணமானவர்: பெனாசிர். எழுதியவர் கடந்த மூன்று ஆண்டுகளில் இவருடைய பக்கத்தை 1,046 முறை திறந்துள்ளார். திருத்தத்தின் அழிக்கப்பட்ட முதல் வரி: “பெனாசிர் என்பவரின் பதினான்கு ஊற்றுகளும்.” பெனாசிரை நீக்கிப் பார்த்ததில் இத்திருத்தம் பிறக்கவில்லை.’

யாரோ களுக்கென்று சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். குற்றாலிங்கத்துக்குக் காது இரண்டும் கொதித்தன. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது.

“இதைத்தான் அண்ணாச்சி அன்னைக்குச் சொல்ல வந்தேன்” என்றாள் பெனாசிர், தாழ்ந்த குரலில். “இன்னைக்கு முதல்னு போட்டிருந்தா, இந்தத் திருத்தத்துக்குப் பழைய விதிதான். எழுதினவர் பேரு. உங்க முதல் ஊற்று. நித்திலா கல்யாணப் பத்திரிகையில போட்டிருக்கலாம்.”

ஒரே ஒரு சொல். அவராகக் கேட்டு வாங்கிப் போட்ட சொல். இத்தனை வருஷம் ஏங்கிய பெயர் கைக்கு வந்த அன்றைக்கு, அதைப் பறிக்கும் விதியையும் கூடவே அவரே எழுதிவைத்திருக்கிறார். அடப் பாவமே என்று சொல்லத்தான் தோன்றுகிறது, ஆனால் வேறு யார் மேல் பழியைப் போடுவது?

அப்போது அவர் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. கோமதி. சந்தோஷத்தில் அவளுக்கு வார்த்தை தடுமாறியது.

“என்னங்க, ஒரு வார்த்தை சொல்லலியே! பஸ் ஸ்டாப்புல புதுப் பட்டியல் போட்டிருக்கான். உங்க பேரு இருக்கு! அதுவும் எதுல? மூணுநாள் சட்டத்துல! நான் உடனே அச்சகத்துக்குச் சொல்லிட்டேன். ஊற்றாளர் குற்றாலிங்கம்னு தங்க எழுத்துல போட்டு அறுநூறு வீட்டுக்கும் அனுப்பச் சொல்லியாச்சு. முதல்ல சம்பந்தி வீட்டுக்குத்தான்.”

“மூணுநாள் சட்டமா?” என்றார் குற்றாலிங்கம். மாநிலமே கொண்டாடும் சட்டம், இத்தனை நாள் அவர் வயிற்றை எரித்த சட்டம், கடைசியில் அவருடையதா? நியாயம் என்று ஒன்று இருக்கத்தானே செய்கிறது!

“தொட்டுப் பார்த்தியா?” என்று கேட்டார்.

“எதுக்குத் தொடணும்? பேரு போட்டிருக்குல்ல?”

அவர் தொட்டார்.

‘மூன்றுநாள் பதில் சட்டம், பிரிவு ஒன்று. எழுதியவர்: பெனாசிர். பிறக்கக் காரணமானவர்: குற்றாலிங்கம். பணியில் சேர்ந்த முதல் வாரத்தில் பெனாசிர் இவரிடம், “உங்கள் அட்டவணையில் ப.நா. என்ற பத்தி எதைக் குறிக்கிறது?” என்று எழுதிக் கேட்டார். இவர் அதே நாளில் படித்தார். நாற்பத்தொரு நாள் ஆகியும் பதில் சொல்லவில்லை. இப்படிப் பதிலின்றிக் காத்திருப்போர் எத்தனை பேர் என்று பெனாசிர் தேடத் தொடங்கியதில் இப்பிரிவு பிறந்தது.’

ப.நா. என்றால் பதில் நாள், கேட்டவருக்கு அரசு பதில் சொன்ன தேதி. அந்தப் பத்தியைப் பத்தொன்பது வருஷத்தில் ஒருவரும் கவனித்ததில்லை. வந்த முதல் வாரமே ஒரு பெண் கவனித்துவிட்டாள். அது எவ்வளவு நல்ல கேள்வி என்று தெரிந்ததால்தான் அன்றைக்கு அவர் பதில் சொல்லவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் அழைப்பிதழ் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. தங்க எழுத்தைக் கண்டால் யார்தான் தொட்டுப் பார்க்க மாட்டார்கள்? அழைப்பிதழும் தொடுதாள்தான், தொட்டால் விவரம் விரியும், விவரத்தின் அடியில் ‘கேள்’ என்று ஒரு குறி இருக்கும். குற்றாலிங்கம் அரசு ஊழியர் என்பதால் கேட்டவர் எல்லாருக்கும் மூன்று நாளில் பதில் சொல்லியாக வேண்டும். முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்டிருந்தார்கள். எருமைப் பண்ணைப் பெரியப்பாவும் கேட்டிருந்தார். கேள்வி எல்லாம் ஒன்றுதான்: ஏன் பதில் சொல்லவில்லை?

பட்டியலின் கடைசியில் பெனாசிர்.

‘அண்ணாச்சி, கல்யாணத்துக்குக் கட்டாயம் வாரேன். மத்தவங்க கேட்டதை மனசுல வச்சுக்காதீங்க. ஆனா எனக்கு மட்டும் சொல்லுங்க. மூணு வருஷமா நான் ஏதோ தப்பாக் கேட்டுட்டேன்னே நினைச்சிட்டு இருக்கேன். அன்னைக்கு ஏன் பதில் சொல்லல?’

அவர் அலுவலக மேசையிலேயே உட்கார்ந்து பதில் எழுதத் தொடங்கினார். பொறாமை என்று எழுதினார். உடனே அழித்தார். கடைசியில், சட்டம் அனுமதிக்கும் அந்த ஒரே சொல்லை எழுதி அனுப்பினார்: ‘தெரியாது.’

அது போன வேகத்தில் திரும்பி வந்தது. அடியில் ஊற்றறி ஒரு வரி சேர்த்திருந்தது.

‘பதிலளிப்பவருக்குத் தெரியும். இன்னும் மூன்று நாள் இருக்கிறது.’