திருஷ்டிப் பூசணியில் போட்ட முகம்

ஜெயபாரதிக்கு மட்டும்தான் அந்த வாடை அடித்தது. அழுகிய பூசணிக்காய் வாடை. மஞ்சள் தேய்த்துக் குளித்தாலும், அடுப்பில் கருவாடே வறுத்தாலும் அதுதான் மூக்கில் நின்றது. பூசணியோ வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், தம்பி தமிழ்மாறன் கட்டுகிற புது வீட்டின் முகப்பில் தொங்குகிறது. அவ்வளவு தூரத்திலிருந்து எப்படி வரும்?

வரட்டும். அழுகட்டும். அதற்குத்தானே போட்டது.

அந்த வீடு நிற்கிற மூணு மா நிலம் அவளுடையது. கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல், இருபது வருஷம் அவள் நடவு நட்டு, களை பறித்து, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிய வயல். வாரிசுச் சான்றிதழுக்கு என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனவன், குறுவை நாற்றின் மேலேயே லாரி லாரியாகக் கிராவல் கொட்டினான். பாவி. அவனெல்லாம் உருப்படுவானா?

நிலம் போன பிறகு வெறுங்கையோடு வீட்டில் உட்கார முடியவில்லை. சனிக்கிழமைதோறும் தஞ்சாவூருக்கு பஸ் ஏறி, படம் வரையக் கற்றுக்கொள்ளப் போனாள். சொல்லித்தருகிற தமிழ்நிலாவுக்கு அவளில் பாதி வயது. மனித முகம் ஆரம்பித்த அன்றைக்கே அந்தப் பெண் சிரித்துக்கொண்டு சொன்னாள்: "ஒண்ணு கவனிங்கக்கா. புதுசா வரையறவங்க யாரை வரைஞ்சாலும் அவங்க சொந்த மூஞ்சி வந்து ஒட்டிக்கும். தினம் கண்ணாடியில பாக்குற மூஞ்சியாச்சே. கை தானா அங்க போயிடும்."

அடுத்த வாரம் தமிழ்மாறன் ஒரு கல்யாணப் பூசணியைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

"நீதான் படமெல்லாம் போடுறியேக்கா. திருஷ்டிக்கு ஒரு பூதம் போட்டுக் குடேன். கடையில போடுறது நல்லாவே இல்ல."

கொஞ்சங்கூடக் கூச்சம் இல்லை. அவள் வயலைத் தின்ற வீட்டுக்கு, கண் படாமல் அவளே காவல் வைக்க வேண்டுமாம்!

வயிறு எரிந்தது. வாங்கிக்கொண்டாள். தோலில் பூத்திருந்த சாம்பலைத் துடைத்துவிட்டு, பூதத்துக்குப் பதிலாக அவன் முகத்தைப் போட்டாள். அவனுடைய பருத்த கன்னம், அவனுடைய இறங்கிய கண். யாருக்கும் தெரியாமலிருக்க மேலே கொம்பும் கோரைப்பல்லும் வைத்தாள். அழுகுடா, அழுகிச் சொட்டுடா என்று ஒவ்வொரு கோட்டுக்கும் வாய்விட்டுச் சொன்னாள்.

இருபது நாள் ஆயிற்று. தமிழ்மாறன் பைக்கில் ஜம்மென்று போய் வந்தான். அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை. அமாவாசையன்று காலையில் முகம் கழுவும்போது, இடது கன்னத்தில் விரல் உள்ளே போனது. வலிக்கவில்லை. விரலை எடுத்தாள். குழி அப்படியே இருந்தது.

ஈரக் கையோடு வாய்க்கால் பாலத்தைத் தாண்டி ஓடினாள். வெயில் சுள்ளென்று அடித்தது. பூசணியைச் சுற்றி ஈ. இடது கன்னம் கறுத்து, உள்வாங்கி, நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கொம்பு உரிந்துபோயிருந்தது. கோரைப்பல்லும் உரிந்துபோயிருந்தது. மிச்சமிருந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

அந்த மோவாய் அவனுடையது இல்லை. அந்த மேலுதடும் இல்லை. வலது புருவத்தை வெட்டிக்கொண்டு போகிற தழும்பு. பத்து வயதில் கருக்கரிவாள் பட்டது. அவளுக்கு.

அதற்குள் தமிழ்மாறன் ஏணியைச் சாத்தி ஏறி, பூசணியை அவிழ்த்து இறக்கினான். "அழுகிப்போச்சுக்கா. முச்சந்தியில உடைச்சிட்டுப் புதுசு கட்டணும்."

"உடைக்காதடா!"

"அட, நீ போட்டதுன்னு பாசமா? இன்னொண்ணு வாங்கித் தரேன், போட்டுக்கோ."

சிரித்தான். அந்த நேரத்திலும் அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அந்தச் சிரிப்பு அழிய வேண்டும், அந்த வாய் கோணிப்போக வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அதற்குள் அவன் முச்சந்திக்குப் போய்விட்டான்.

ஓடினாள். கத்துவதற்கு வாயைத் திறந்தாள். மோவாய் தொங்கியது. குரல் வரவில்லை. நீர் வந்தது.

அவன் இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினான்.

ஜெயபாரதிக்குத் தார் ரோடு கீழே தெரிந்தது. தம்பியின் உச்சந்தலை தெரிந்தது. ரோட்டோரத்தில், அவள் புடவையைக் கட்டிக்கொண்டு ஒருத்தி நின்றாள். கழுத்துக்கு மேலே ஈ மட்டும் மொய்த்தது.

இரண்டு கன்னத்திலும் தம்பியின் விரல்கள் அழுந்தின.