ஈரச் சட்டை

கிழங்கு அறைக் கதவை வெளியே பூட்டியிருந்தார்கள். பலகை இடுக்கில் கண்ணை வைத்து முற்றத்தைப் பார்த்தான், வடக்கிலிருந்து பிழைக்க வந்த காவலாளி அட்டாங்கா. கானா நாட்டுக் குமாசி நகரத்தில் இந்த வீட்டு வாசலை ஆறு வருடம் காத்தவன். இன்று அதே வாசலுக்கு வெளியே அவனை அடித்துப்போட ஒரு கூட்டம் நின்றது. ஹர்மட்டான் எனும் வறண்ட பாலைக்காற்றின் புழுதியில் அவனுக்கு மூச்சு முட்டியது.

காலையில் எல்லோரும் சர்ச்சுக்குப் போன நேரத்தில், இறந்துபோன வீட்டுக்காரரின் கென்டே துணி, பரம்பரைப் பட்டுப் போர்வை, களவு போயிருந்தது. சனிக்கிழமை காரியத்தில் அவருடைய சகோதரி மகன்களில் இளையவன், தாய்வழி வழக்கப்படி புது வாரிசாக, அதைப் போர்த்த வேண்டும்.

துணிப்பையோடு ஒரு குண்டுப் பெண் முற்றத்துக்கு வந்தாள். சமையல்காரி என்று நினைத்தான் அட்டாங்கா. கான்ஸ்டபிள் குமி அவளுக்கு சல்யூட் அடித்ததும்தான் அவள் இன்ஸ்பெக்டர் பிராகோ என்று புரிந்தது. வெட்கப்பட்டுக்கொண்டான்.

"கேஸ் முடிஞ்சுது மேடம்! திருடன் போட்டிருந்த சட்டை இவன் கட்டில்லயே கிடைச்சுது" என்றான் குமி.

"நானே பார்த்தேன்!" என்றார் வீட்டுக்காரரின் மனைவி கொனாடு. "அந்த வடக்கத்திக் கோடு போட்ட சட்டை, கன்னத்துல அவங்க குலக் கீறல்... இவனேதான்!" பக்கத்து வீட்டுக்காரி தலையாட்டினாள். வேலிக்கு ஓணான் சாட்சி.

"எங்க வச்சுப் பார்த்தீங்கம்மா?" என்றாள் பிராகோ.

"சர்ச்சுலேர்ந்து திரும்பி வாசல்ல நுழைஞ்சோம். பின்கட்டுப் பக்கமா ஓடினான்."

"முதுகைக் காட்டி ஓடினவனோட கன்னம் எப்படித் தெரிஞ்சுது? முதுகுலயா முகம் இருந்துச்சு?"

பிராகோ கதவருகே வந்தாள். "தம்பி, அப்ப நீ எங்க இருந்தே?"

இதுவரை இதை யாரும் அவனைக் கேட்கவில்லை. அட்டாங்கா பலகை இடுக்கில் வாயை வைத்தான். "எல்லாரும் சர்ச்சுக்குப் போனப்புறம் சட்டையைத் துவைச்சுக் கொடியில போட்டேன்மா. அப்புறம் அம்பொன்சா ஐயா மெல்றதுக்குக் கோலாக்கொட்டை வாங்கிட்டு வரச் சொன்னாரு, போனேன்."

"பொய்!" என்றார் அம்பொன்சா. இறந்தவரின் சகோதரி மகன்களில் மூத்தவர், வங்கி அதிகாரி. அந்த மதிய வெயிலிலும் கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். "எனக்குக் காய்ச்சல். நான் தூங்கிட்டிருந்தேன்."

பிராகோ கட்டிலில் கிடைத்த சட்டையைப் பிழிந்தாள். நீலத் தண்ணீர் சொட்டியது.

"இந்தக் காத்துல கொடியிலயே கிடந்திருந்தா மொறமொறன்னு காஞ்சிருக்கும். யாரோ ஈரத்தோட எடுத்து மாட்டி, சுருட்டிப் போட்டிருக்காங்க. வரும்போதே அறையை எட்டிப் பார்த்தேன், துணிப்பெட்டி பக்கத்துல புழுதியில சொட்டுச் சொட்டா ஈரம் பட்ட தடம். தன் சட்டையை ஈரத்தோட போட்டுக்கிட்டுத் திருட இவனுக்கு என்ன தலையெழுத்து? இவனா தெரியணும்னு நினைச்சவனுக்குத்தான் அது வேணும். குமி, வீட்டுல ரெண்டு பேர் இருந்தாங்க. உன் கண்ணுக்கு ஏன் ஒருத்தன்தான் தெரிஞ்சான்?"

பிராகோ அம்பொன்சா பக்கம் திரும்பினாள்.

"அம்பொன்சா ஐயா, கோட்டைக் கழட்டுங்க."

வெள்ளைச் சட்டையின் தோளிலும் மார்பிலும் நீலச் சாயம் ஒட்டியிருந்தது.

"மூத்தவன் நான்! அது எனக்குத்தான் வரணும்!" என்று கத்தினார் அம்பொன்சா. துணி அவருடைய கார் டிக்கியில் இருந்தது.

கூட்டம் முணுமுணுத்தபடி கலைந்தது. கதவு திறந்தது. "மனசுல வச்சுக்காதேப்பா" என்றார் கொனாடு. கண்கள் உண்மையிலேயே கலங்கியிருந்தன.

"சரிம்மா" என்றான் அட்டாங்கா. அவரைக் கடந்து போகையில், கொனாடு அவன் பக்கம் தொங்கிய கைப்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். மாற்றியது அவருக்கே தெரியவில்லை.