அசையாமல் நின்றவள்

கோபாலபுரத்து பங்களாவின் கதவைத் திறந்ததும் முதலில் வந்தது அந்த வாடைதான். நாலு வருஷம் பூட்டியே கிடந்த அலமாரியைத் திறந்தால் வருமே, கற்பூரமும் மக்கிய துணியும் கலந்தது, அது. ஃப்ளோரன்ஸ் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

1946-ஆம் வருஷம், ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சாந்தோமில் பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, அண்ணன் ஸ்தனிஸ்லாஸோடு அவள் அங்கே வந்திருந்தாள். அவள் பெண்கள் பள்ளியில் டீச்சர். அண்ணன் துறைமுக ஆபீசில் குமாஸ்தா. இரண்டு பேருக்கும் போட்டோப் பைத்தியம். மூன்றாவது பைத்தியம் அய்யாதுரை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தியாகராய நகரில் மாமாவின் ஜவுளிக்கடையைப் பார்த்துக்கொள்கிறவன். ஞாயிறுதோறும் மூவரும் கூடுவார்கள். புத்தகத்தில் படித்த புது வித்தை ஒவ்வொன்றையும் செய்து பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்.

பங்களா ஒரு வக்கீலுடையது. யுத்தத்தின்போது குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. சாவியை வைத்திருந்தவர் ஸ்தனிஸ்லாஸின் ஆபீஸ் நண்பர். தோட்டத்துக் குடிசையில் முத்தம்மா என்று ஒரு காவல்காரி மட்டும் இருந்தாள். ஜன்னலே இல்லாத குளியலறை ஒன்று உள்ளே இருந்ததால், படம் கழுவ இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று ஸ்தனிஸ்லாஸ் குதித்தான்.

"இன்னிக்கு வித்தை இதுதான்" என்றான் அவன், கூடத்து நடுவில் முக்காலியை நிறுத்தி. "லென்ஸ் துவாரத்தை ஊசிமுனை அளவுக்குச் சின்னதாக்கணும். எட்டு நிமிஷம் திறந்து வைக்கணும். அசையாம இருக்கிறது மட்டும்தான் தகட்டுல விழும். நடமாடுற ஆள் விழமாட்டான்."

"நெசமாவா? அப்போ நான் குறுக்க நடந்து பாக்கேன்" என்றான் அய்யாதுரை.

எட்டு நிமிஷமும் அவன் காமிராவுக்கு முன்னால் உலாத்தினான். கைக்கெடிகாரத்தைப் பார்த்து எண்ணியவள் ஃப்ளோரன்ஸ். தெருப்பக்கத்து ஜன்னல் வழியாக வெயில் கம்பி கம்பியாகத் தரையில் விழுந்திருந்தது. வெளியே குருவிகள் கத்தின. உள்ளே அய்யாதுரையின் செருப்புச் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை.

குளியலறையில் சிவப்பு விளக்கின் கீழ் கண்ணாடித் தகட்டைக் கழுவி, காயவைத்து, காகிதத்தில் அச்செடுத்தார்கள். ஃப்ளோரன்ஸின் கைதான் அதற்கு ராசியான கை. மருந்துத் தட்டில் காகிதம் மெல்ல இருண்டது. கூடம் வந்தது. நாற்காலி வந்தது. ஜன்னல் வந்தது. அய்யாதுரை எங்கேயும் இல்லை.

"ஏ, நான் மறைஞ்சே போயிட்டேன்!" என்று அவன் சிரித்தான்.

ஃப்ளோரன்ஸ் சிரிக்கவில்லை.

ஜன்னலோரத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள்.

முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தலையில் முக்காடு, கக்கத்தில் சின்னத் துணி மூட்டை. ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தாள். புடவையின் மடிப்பு ஒவ்வொன்றும் கத்திமுனை போலத் துல்லியமாக விழுந்திருந்தது.

துல்லியமாக விழுந்திருந்தது என்றால், எட்டு நிமிஷமும் அவள் அசையவே இல்லை.

"பழைய தகடு" என்றான் ஸ்தனிஸ்லாஸ், தொண்டையைச் செருமிக்கொண்டு. "யாரோ ஏற்கெனவே எடுத்த படம் மேல நம்ம படம் விழுந்திருக்கு."

தகட்டுப் பெட்டியின் முத்திரையைக் காலையில் தன் கையாலேயே பிரித்தது ஃப்ளோரன்ஸுக்கு நன்றாக ஞாபகமிருந்தது. அண்ணனுக்கும் தெரியும்.

அடுத்த ஞாயிறு வரமாட்டேன் என்று அவள் அடம்பிடித்தாள். வரவழைத்தது அய்யாதுரைதான். மாதக் கடைசியில் ஒரு போட்டோக் கண்காட்சி. அதற்கு இந்தப் படத்தை அனுப்பவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

"டீச்சர், எங்க மாமா என்ன சொல்லுதாரு தெரியுமா? காமிரா தூக்குதவன் கல்யாண வீட்டுல கடைசிப் பந்திக்குத்தான் லாயக்குன்னு. ஒரு பரிசு வாங்கிட்டேன்னா வாயை மூடிருவாரு. வெளிச்சம் அப்படி விழுந்திருக்கு இந்தப் படத்துல. அந்தப் பொம்பளைய மட்டும் எடுத்துட்டாப் போதும்."

எடுப்பதும் ஒரு வித்தைதான். நெகட்டிவின் மேற்பூச்சைச் சின்னக் கத்தியால் மயிரிழை மயிரிழையாகச் சுரண்டி, பென்சிலால் தொட்டுத் தொட்டு நிரப்பவேண்டும். அய்யாதுரை அதை ஒரு வாரமாகப் பழகியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பங்களாவில் அதே ஜன்னலோரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு சுரண்ட ஆரம்பித்தான். க்ரீச், க்ரீச் என்று அந்தச் சத்தம் ஃப்ளோரன்ஸின் பல்லைக் கூசவைத்தது. முக்காடு போயிற்று. தோள் போயிற்று. கடைசியாகக் கம்பியைப் பிடித்திருந்த கை.

"முடிஞ்சுது. அச்செடுத்துப் பாருங்க" என்று தகட்டை நீட்டினான்.

ஃப்ளோரன்ஸ் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சிவப்பு இருட்டு. வினிகர் வாடை. காகிதத்தை மருந்தில் அமிழ்த்தித் தட்டை மெல்ல ஆட்டினாள்.

கூடம் வந்தது. நாற்காலி வந்தது. ஜன்னல் வந்தது. ஜன்னலோரம் வெறுமையாக இருந்தது.

அவள் மூச்சை விட்டாள்.

அப்போது ஜன்னலோரம் கறுக்க ஆரம்பித்தது.

முதலில் ஒரு தோள். பிறகு ஒரு முதுகு. சட்டை. வேட்டி. கம்பியைப் பிடித்திருக்கும் ஒரு கை. அந்தக் கையின் மோதிரம்கூடத் தெரிந்தது.

அய்யாதுரை.

வெளியே கத்திச் சத்தம் இல்லை, பேச்சுச் சத்தமும் இல்லை.

"அண்ணே?" என்றாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். அய்யாதுரை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தெருவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். ஸ்தனிஸ்லாஸ் அவன் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான்.

"விளையாடாதே அய்யாதுரை. போதும். டேய், போதும்டா!"

விரலைப் பிரிக்கப் பார்த்தார்கள். இரும்போடு இரும்பாக ஒட்டியதுபோல இருந்தது. கை சில்லென்றிருந்தது. அவன் உதடு மட்டும் அசைந்தது.

"செத்த இருங்கோ. கிச்சா வந்துடுவான். வண்டியோட வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்."

அது அவன் குரல்தான். ஆனால் திருநெல்வேலிக்காரன் வாயில் வருகிற பேச்சு இல்லை அது.

"சேசுவே!" என்று ஸ்தனிஸ்லாஸ் பின்வாங்கினான்.

சத்தம் கேட்டு வந்த முத்தம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"இந்த ஜன்னலாண்ட இன்னா பண்ணீங்கோ?"

"யாரும்மா கிச்சா?" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"வக்கீல் ஐயா புள்ள. ஜப்பான்காரன் குண்டு போட வர்றான்னு ஊரே ஓடிச்சே, அப்ப வண்டில எடம் பத்தல. ஐயாவோட அக்கா, அத்தம்மாவ மட்டும் உட்டுட்டாங்கோ. திரும்பி வந்து இட்டுக்கினு போறேன், இங்கியே நில்லு, எங்கியும் போவாதன்னு சொல்லி, திருட்டு பயத்துல கிச்சா ஐயா வெளிய பூட்டிக்கினு போய்ட்டாரு. வர்ல. நானும் பயந்துக்கினு ஊருக்கு ஓடிட்டேன். பதினஞ்சு நாளு கயிச்சி வந்து பாத்தா..." அவள் ஜன்னலைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினாள். "நின்ன மேனிக்கே கீறாங்கோ. கம்பிய புட்ச்சிக்கினு."

ஒரு ஈ வந்து அய்யாதுரையின் இமையோரம் உட்கார்ந்தது. கண்ணின் மேலேயே நடந்தது. அவன் இமைக்கவில்லை.

ஃப்ளோரன்ஸ் அவன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். நாடி ஒன்று அடித்தது. அடுத்தது வர வெகுநேரமாயிற்று.

"அண்ணே, ஓடு. கதீட்ரல் ரோட்டுல டாக்ஸி நிக்கும். வாசலுக்குக் கொண்டுவந்து ஹாரன் அடிக்கச் சொல்லு."

"ஆஸ்பத்திரிக்கா?"

"முதல்ல வண்டி வரட்டும். ஓடு!"

ஸ்தனிஸ்லாஸ் ஓடினான். முத்தம்மா எப்போது போனாளென்று தெரியவில்லை. ஃப்ளோரன்ஸ் அந்தக் கூடத்தில் தனியாக நின்றாள். பட்டப்பகல். ஆனாலும் ஜன்னல் வெளிச்சம் அவர்கள் இருவரையும் தொடாமல் தரையோடு போயிற்று. அய்யாதுரையின் உதடு வெடித்துக் காய்ந்துகொண்டே வந்தது, பல நாள் தண்ணீர் காணாதவனுடையது போல. அவள் பக்கத்தில் யாரோ மூச்சுவிட்டார்கள். அவன் மூச்சு இல்லை அது. அவளுடையதும் இல்லை.

தெருவில் ஹாரன் சத்தம் கேட்டது.

ஃப்ளோரன்ஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பாட்டிகளிடம் கேட்டுப் பழகிய பேச்சில் சொன்னாள்: "கிச்சா வந்துட்டான். வண்டி வந்தாச்சு. வாங்கோ, போகலாம்."

ஹாரன் இன்னொரு முறை அடித்தது.

கம்பியிலிருந்து சுண்டுவிரல் விலகியது. பிறகு மோதிர விரல். பிறகு கையே தளர்ந்தது. அய்யாதுரை துணி மூட்டைபோலச் சரிந்து விழுந்தான். அதே நொடியில், மொடமொடவென்று காய்ந்த புடவை ஒன்று அவள் தோளை உரசிக்கொண்டு வாசல் பக்கம் போயிற்று.

காமிராவையும் தகடுகளையும் அப்படி அப்படியே போட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஸ்தனிஸ்லாஸ் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறினான். பின்னால் அய்யாதுரையும் ஃப்ளோரன்ஸும். இரண்டே பேர்தான். ஆனாலும் நெருக்கமாக இருந்தது. அவள் அவன்மேல் ஒட்டியே உட்காரவேண்டியிருந்தது. ஏனென்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

மவுண்ட் ரோடு தாண்டும்போது அய்யாதுரை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டான். வழியில் நிறுத்தி வாங்கிக் கொடுத்த இரண்டு சோடாவையும் ஒரே மூச்சில் குடித்தான்.

"நான் எப்போ தூங்குனேன் டீச்சர்? கையெல்லாம் வலிக்கு" என்றான்.

உஸ்மான் ரோட்டில் மாமா வீட்டு வாசலில் அவனை இறக்கிவிட்டார்கள். பிழைத்தான், அது போதும் என்று ஸ்தனிஸ்லாஸ் சிலுவை போட்டுக்கொண்டான். ஃப்ளோரன்ஸ் வழி நெடுக ஜபமாலையை உருட்டிக்கொண்டு வந்தாள்.

சாந்தோமில் வீட்டு வாசலில் டாக்ஸி நின்றபோது பொழுது சாய்ந்திருந்தது. அம்மா பூந்தமல்லியில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள், புதன்கிழமைதான் வருவாள். ஃப்ளோரன்ஸ் இறங்கி, இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தேடி எடுத்தாள். ஸ்தனிஸ்லாஸ் டிரைவரிடம் பணத்தை நீட்டினான்.

டிரைவர் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இறங்கிப்போய்த் திறந்திருந்த பின்கதவைச் சாத்தினான்.

"இன்னாம்மா, வெளியவே நிக்கிறீங்கோ?"

"கதவைத் திறக்கணும்ல" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"இன்னாத்துக்கு நீங்க தொறக்கணும்? பெரிம்மாதான் உங்களுக்கு முன்னாடியே எறங்கி உள்ள போய்ட்டாங்களே. கைல மூட்டைய வெச்சிக்கினு."

வண்டி கிளம்பிப் போயிற்று.

அண்ணனும் தங்கையும் தெருவிலேயே நின்றார்கள். வாசற்கதவில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. சாவி அவள் கையில் இருந்தது.

வீட்டுக்குள்ளே, தெருப்பக்கத்து ஜன்னலின் கொண்டியை யாரோ மெதுவாகத் தள்ளினார்கள்.