முந்திக்கொண்ட எதிரொலி

முதலில் எதிரொலி வந்தது. அதற்குப் பிறகுதான் அர்ஹம் கிட்டாரின் தந்தியைத் தட்டினான்.

விரலை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்பீக்கரைப் பார்த்தான். காலையில் ஈயம் உருக்கிப் காலால் மிதித்து ஒலியை மாற்றுகிற பெடல் பெட்டிக்குள் பொருத்திய புது மொடியூல் அது. நகத்தளவு சில்லைச் சுமந்த சின்னப் பச்சைப் பலகை. கிட்டாரின் ஒலியைப் பிடித்துவைத்துச் சற்றுப் பிந்தித் திருப்பித் தருவதுதான் அதற்கு வேலை. முந்தித் தருவதற்கு அதனிடம் என்ன இருக்கிறது? முன்பு தட்டியது உள்ளே தங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கரண்டைக் கழற்றி மாட்டி, மறுபடி விரலை நீட்டினான். நீட்டிய விரல் தந்தியில் படுமுன்பே ஒலி வந்து அறையைச் சுற்றிவிட்டுப் போனது.

வெளியே கல்முனைக் கடைத்தெரு அடங்கிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரம். இழுத்து மூடிய ஷட்டர்களின் மேல் வெயில் காய்ந்து, தகரம் சூடேறும் மணம் உருகிய ஈயத்தின் புகையோடும் மீன் பெட்டிகள் கழுவிய தண்ணீரின் வாடையோடும் சேர்ந்து உள்ளே தங்கி நின்றது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் ஓதுகிறவரின் குரல் மட்டும் கூரைகளைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. ஊரில் உள்ள ஆண்கள் எல்லாரும் அங்கே. அர்ஹமும் அங்கேதான் இருக்கிறான் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது.

அது முஸ்தாக்கின் யோசனை. கடையின் முன்பக்கம் போன் திருத்துவது, பின்னறையில் கிட்டார்காரர்களுக்குப் பெடல் கட்டுவது, இரண்டிலும் முஸ்தாக் அவனுக்குக் கூட்டாளி. கைவேலை முழுக்க அர்ஹமுடையது. கொழும்புப் பாட்டுக் குழுக்களிடம் கொண்டுபோய்க் காட்டிக் கதைப்பது முஸ்தாக். அர்ஹம் கண்விழித்துக் கண்விழித்து உருவாக்கிய எதிரொலியை ஒரு கம்பனி அப்படியே எடுத்துக்கொள்ளக் கேட்டிருந்தது. இரண்டு பேரின் பெயரும் போடாமல் தரமாட்டேன் என்று நேற்று அர்ஹம் சொல்லிவிட்டான். முஸ்தாக் சிரித்தான், அவ்வளவுதான்.

இன்று பகல் தொழுகைக்குக் கை, கால், முகம் கழுவி வுழூச் செய்த ஈரத்தோடு வந்து நின்று, "நீ இரிந்து வேலய முடி மச்சான். நான் உனக்கும் சேத்து துஆக் கேக்கன்," என்றான். ஜும்ஆவுக்குப் போகாமல் கடையில் இருப்பதை யாராவது கண்டால் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள் என்று சொல்லி, ஷட்டரை இழுத்து வெளியே பூட்டும் போட்டான். தன் போனில் சார்ஜ் இல்லை என்று அர்ஹமின் போனையும் வாங்கிக்கொண்டு போனான். அர்ஹமுக்கு அதில் எதுவும் பிழையாகப் படவில்லை. சின்ன வயதிலிருந்து ஒரே சஹன் தட்டில் கைவைத்துச் சோறு தின்றவனைப் பற்றி யார் அப்படி நினைப்பார்கள்?

ஸ்பீக்கருக்குள் யாரோ இருமினார்கள்.

அர்ஹம் திரும்பிப் பார்த்தான். அறையில் எவருமில்லை. ஈயப் புகை தொண்டையில் ஏற, அவனுக்கு இருமல் வந்தது. அதே இருமல். அவன் தட்டிக்கொண்டிருந்தது பாண்டிருப்பு ஊர்ச் சுஜிந்தன் பழுதுபார்க்கத் தந்த பழைய கிட்டார். பக்கத்தில் நின்று கதைத்தாலும் அதையும் தந்தியின் ஒலியோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போகும் என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் இன்னும் இருமாத இருமலையுமா?

பயத்தைவிட ஆசைதான் பெரிதாக இருந்தது. எதிரொலி எவ்வளவு தள்ளி வரவேண்டும் என்று குறிக்கிற குமிழைப் பிடித்து, மெல்ல, கடைசிவரை திருகினான்.

முதலில் கடற்கரையில் நிற்கிற மாதிரி ஒரு இரைச்சல். பிறகு அது கைதட்டலாகத் தெளிந்தது. ஏதோ பெரிய மண்டபம். யாரோ தூரத்திலிருந்து ஒரு கேள்வி கேட்டார்கள். கிட்டாருக்கு மிக அருகில், அதை மடியில் வைத்திருக்கிறவனுடையதைப்போல், ஒரு மூச்சு கேட்டது. நெஞ்சுக்குள் விசில் கலந்த மூச்சு. முஸ்தாக்குக்குச் சின்ன வயதிலிருந்தே வீஸிங்.

"எல்லாம் நான் தனியச் செஞ்சதுதான்," என்றது முஸ்தாக்கின் குரல். "அர்ஹம் எண்டு ஒரு கூட்டாளி இரிந்தான், பாவம். கடைக்குள்ள கரண்ட் அடிச்சி மவுத்தாப் பெய்த்தான். நான் அந்த நேரம் ஜும்ஆவுல இரிந்தன்."

குரல் தழுதழுத்தது. மண்டபம் அமைதியானது. அவன் அழுதான். அர்ஹமின் வாப்பா மவுத்தான அன்று கட்டிப்பிடித்து அழுதானே, அதே அழுகை.

தன் சாவைக் கேட்டதைவிட அந்த அழுகையைக் கேட்டதுதான் அர்ஹமுக்கு வலித்தது. அன்றைக்கும் அது நடிப்பாகத்தான் இருந்திருக்குமா? நேற்றைய சிரிப்பு, இன்றைய துஆ, வாங்கிக்கொண்டு போன போன், ஒவ்வொன்றாக வந்து பொருந்தின. ஷட்டரிடம் ஓடி இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தான். அசையவில்லை. திரும்பி வந்து குமிழைப் பின்னுக்குத் திருகினான். இன்றைக்கு. இந்த அறைக்கு.

பூட்டுத் திறந்தது. ஸ்பீக்கருக்குள்.

ஷட்டர் ஏறியது. இறங்கியது. "மச்சான்" என்று ஒரு மெல்லிய கூப்பிடு. முக்காலி விழுந்தது. கரண்ட் உறுமியது. நீண்டது. நின்றது.

பிறகு மூச்சு. ஒரேயொரு மூச்சு. விசில் கலந்தது.

அர்ஹம் குமிழிலிருந்து கையை எடுத்தான். ஒலிபெருக்கியில் குத்பா இன்னும் முடியவில்லை. பள்ளியை விட்டு ஒருவரும் வெளியே வந்திருக்கமாட்டார்கள்.

ஷட்டரின் அடியில் வெயில் ஒரு கோடாக விழுந்திருந்தது. அதில் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. செருப்பில்லை; அது பள்ளி வாசலில் மற்றவர்களின் செருப்புகளோடு கிடக்கும்.

பூட்டுத் திறந்தது. இந்தமுறை வெளியே.

கத்தவேண்டும். கத்தினால் யாருக்காவது கேட்கும். அர்ஹம் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து வாயைத் திறந்தான். அப்போதுதான் நினைவு வந்தது. இந்த அறையில் எழப்போகிற ஓசை எல்லாம் ஸ்பீக்கரில் வந்து முடிந்துவிட்டது. பூட்டு வந்தது. ஷட்டர் வந்தது. முக்காலி வந்தது.

அவனுடைய கத்தல் மட்டும் வரவில்லை.

ஷட்டர் ஏறியது. இறங்கியது.

"மச்சான்," என்றான் முஸ்தாக், மெல்ல.

திறந்த வாய் திறந்தபடியே இருக்க, அர்ஹம் ஓரடி பின்னுக்கு நகர்ந்தான். காலில் முக்காலி தட்டுப்பட்டது.