பலகையில் இரண்டு தட்டு

அண்ணனுக்கு அவன் கொடுக்க வேண்டியிருந்தது முப்பத்தெட்டாயிரத்து அறுநூறு. கையில் இருந்தால் கரைந்துபோகும் என்று சொல்லி, அண்ணனின் கூலியில் பாதியை அவனே பிடித்து வைத்த பணம். அண்ணனின் இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கென்று சேர்ந்த அந்தப் பணம் இப்போது பிக்கப் வண்டியின் இரண்டு கதவிலும் கருப்பாக, புதிதாக, ஆள் முகத்தைவிடப் பெரிதாக, இரண்டு பக்கக் கண்ணாடிகளாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் கண்ணாடிகளை மடக்கிவிட்டுச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. காலையில் வந்து பார்த்தால் இரண்டும் விரிந்து கிடந்தன. விரிந்ததோடு விடவில்லை. மோட்டார் தள்ளினால் மட்டுமே நீளும் கை, கடைசிவரைக்கும் வெளியே நீண்டிருந்தது. இடது பக்கக் கண்ணாடி பின்னால் பார்க்கவில்லை. வீட்டின் ஓரத்து அறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது அண்ணன் படுக்கும் அறை.

மழை ஈரத்தில் வயர் எங்காவது ஒட்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். சத்தமாகவே சொல்லிக்கொண்டான்.

நேற்று கடையில் கண்ணாடியை மாட்டும்போது மெக்கானிக்குக் கையைவிட வாய்தான் அதிகம் வேலை செய்தது.

"பழைய மிரர்ல என்னத்தப்பா தெரியும்? உன் மூஞ்சியும் ட்ரெய்லரோட வயிறும்தான். இதப் பாரு, பட்டனைத் தொட்டா கை நீட்டும். பனி மூடினா இன்னொரு பட்டன், தானே சூடாகித் துடைச்சுக்கும். பொண்டாட்டிகூட இப்படிப் பாத்துக்க மாட்டா."

"வேலையப் பாருய்யா."

"அது சரி, பின்னாடி நின்னு தட்டுவாரே, அவருக்கு இனிமே என்ன வேலை? உனக்குச் சொந்தமா அவரு?"

"சொந்தமெல்லாம் இல்ல. கூலிக்கு வர்ற ஆளு."

சொல்லிவிட்டுத் திரும்பினான். கடை வாசலில், கையில் இரண்டு டீயோடு அண்ணன் நின்றிருந்தார். அவருக்குக் கண்தான் மங்கல். காது பாம்புக் காது.

ட்ரெய்லரை இழுக்கிறவனுக்குப் பின்பக்கம் என்பது குருடு. பின்னால் எடுக்கும்போதெல்லாம் அண்ணன் இறங்கி, ட்ரெய்லரின் பக்கப் பலகையோடு ஒட்டி நடப்பார். கத்துவதற்கு அவருக்குத் தொண்டை கிடையாது. உள்ளங்கையால் பலகையில் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் வா. ஒரே தட்டு என்றால் நில். அந்த ஒரு தட்டை நம்பி எத்தனையோ சந்துகளில், எத்தனையோ சுவர்களுக்கு ஒரு சாண் முன்னால் அவன் பிரேக்கை மிதித்திருக்கிறான். எட்டிப் பார்த்ததே இல்லை.

இன்று காலை அண்ணன் வழக்கம்போல சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னிக்கு நீ வர வேணாம்ணே. கண்ணு வேற சரியில்ல. மழை வேற."

"அப்ப பின்னாடி யாருடா பாக்குறது?"

"மிரர் பாத்துக்கும்."

அண்ணன் கையை நீட்டித் தடவிப் பார்த்தார். விளிம்பை, பெரிய கண்ணாடியை, அதன் கீழே உள்ள சின்ன உருண்டைக் கண்ணாடியை. வெள்ளை படிந்த கண்களைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். அவர் மூச்சு அதில் வட்டமாகப் படிந்தது.

"நல்லா இருக்குடா. என்ன விலை?"

"பழசுதான்ணே. மெக்கானிக் சும்மா குடுத்தான்."

அண்ணன் தலையாட்டினார். "ஆஸ்பத்திரிக்கு எப்படா போலாம்?" என்று கேட்டார். அடுத்த மாசம் என்றான். அவர் முகத்தைப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான்.

ஜெனரேட்டர் ஒன்றைக் கல்குவாரிக் கொட்டகையில் இறக்க வேண்டும். மதியத்துக்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்தான். மழை பெரிதாக இல்லை. நனைந்த துணியை யாரோ மேலே நின்று நிதானமாகப் பிழிகிற மாதிரி இருந்தது. ஈரக் கல்தூளின் வாடை, எப்போதோ வெடித்த மருந்தின் புளித்த வாடை, அதற்கும் அடியில் எங்கோ தேங்கி அழுகிய தண்ணீரின் வாடை எல்லாம் ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டன. கொட்டகைக்குப் போகிற பாதை சரிவில் இறங்கியது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறு பக்கம் பள்ளம். கீழே வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. அதனால் மேலிருந்து பின்பக்கமாகவே இறக்க வேண்டும்; அப்போது பாறை டிரைவர் பக்கம், பள்ளம் இடது பக்கம். அண்ணன் இருந்தால் இந்நேரம் கதவைத் திறந்து குதித்திருப்பார்.

பட்டனை அழுத்தினான். உய்ங் என்று முனகிக்கொண்டு கண்ணாடிகள் கையை நீட்டின. மெக்கானிக் சொன்னது பொய்யில்லை. ட்ரெய்லரின் இரண்டு ஓரமும் தெரிந்தன, சக்கரம் தெரிந்தது, பள்ளத்தின் விளிம்புகூடத் தெரிந்தது. ரிவர்ஸ் போட்டான். இறங்க ஆரம்பித்தான்.

தட். தட்.

பழக்கத்தில் கால் பிரேக்கிலிருந்து எழும்பிவிட்டது. வண்டி சுகமாகப் பின்னால் நகர்ந்தது. ஒரு வண்டி நீளம் இறங்கிய பிறகுதான் உறைத்தது. பின்னால் யாரும் இல்லையே.

இடது கண்ணாடியைப் பார்த்தான். பலகையின் கடைசியில், பள்ளத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே, நிற்கவே இடமில்லாத அந்த விளிம்பில் ஒருவர் நின்றிருந்தார். அண்ணனின் சட்டை. அண்ணனின் கூன். உள்ளங்கை பலகைமேல் இருந்தது.

பிரேக்கை மிதித்தான். முன்னால் எடுக்கப் பார்த்தான். களிமண்ணில் டயர் சுற்றியதே தவிர வண்டி ஏறவில்லை. ஒரு முழம் பின்னாலேயே வழுக்கியது. கதவைத் தள்ளினான். நாலு விரல் திறந்து பாறையில் இடித்து நின்றது. மறு பக்கக் கதவுக்கு வெளியே தரையே இல்லை.

வீட்டுக்குப் போன் போட்டான். மனைவி எடுத்தாள்.

"அண்ணன் எங்க?"

"இங்கதான் இருக்காரு. ஏங்க, உங்கண்ணனுக்கு என்ன ஆச்சு? நீங்க போனதுலேர்ந்து சோறும் இல்ல, பேச்சும் இல்ல. சுவத்துக்குப் பக்கத்துல நின்னுட்டாரு. இப்பக் கொஞ்ச நேரமாச் சுவத்தைத் தட்டிக்கிட்டே இருக்காரு. என்ன மாமான்னு கேட்டா, தம்பி வண்டி எடுக்கிறான்மா, தொந்தரவு பண்ணாதேங்கிறாரு. எனக்குப் பயமா இருக்குங்க."

தட். தட்.

போனிலும் கேட்டது. பின்னாலும் கேட்டது. இரண்டுக்கும் நடுவே இம்மி இடைவெளி இல்லை.

"அவரை நிறுத்தச் சொல்லு."

"கையப் பிடிச்சுப் பாத்துட்டேன். நகத்த முடியல."

உயிர் பயம் ஒரு பக்கம் இருக்க, அதைவிட மேலாக வெட்கம்தான் வந்தது. இந்த இடத்தில், இப்படி மாட்டிக்கொண்ட பிறகு, மனைவியை நடுவில் வைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற வெட்கம். நேற்று டீ டம்ளரோடு நின்றவரிடம் சொல்லியிருக்கலாம். காலையில் சொல்லியிருக்கலாம்.

"அண்ணன்கிட்ட சொல்லு. அவரு பணத்தை எடுத்துத்தான் இந்த மிரரை வாங்கினேன். ஆபரேஷன் பணம். முழுசும்."



"அடப் பாவி மனுஷா," என்றாள் மனைவி, மெதுவாக. அவள் நகர்ந்து போவது கேட்டது. மாமா என்று கூப்பிடுவது கேட்டது. திரும்பி வந்தாள். "சிரிக்கிறாருங்க. தெரியும்னு சொல்றாரு. அவனை வரச் சொல்லுங்கிறாரு."

தட். தட்.

கண்ணாடிமேல் பனி படிய ஆரம்பித்தது. முதலில் ஓரத்தில், பிறகு உள்ளே, வட்டமாக. யாரோ பக்கத்தில் வாயை வைத்து ஊதுகிற மாதிரி. உருவம் மங்கியது. விளிம்பு மங்கியது. சூடு பட்டனைத் தட்டினான். விளக்கு எரிந்தது. காத்திருந்தான்.

பனி விலகவில்லை.

வலது கண்ணாடியும் வெள்ளை. முன்பக்கக் கண்ணாடியும் வெள்ளை. வைப்பரைப் போட்டான். கிரீச் கிரீச் என்று அது ஓடுவது கேட்டது. ஓடுவது தெரியவில்லை.

கையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தான்.

கையும் தெரியவில்லை.

"என்னங்க." போனில் மனைவியின் குரல் மாறியிருந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று புரியவில்லை. "என்னங்க, உங்கண்ணன் காலண்டரைப் படிக்கிறாருங்க. தூரத்துலேர்ந்து. பொடி எழுத்துகூடச் சொல்றாரு. கண்ணு ரெண்டும் கண்ணாடி மாதிரி இருக்கு. உங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு. பணம் எதுவும் தர வேணாமாம். தீந்துபோச்சாம்."

"தட்டறதை நிறுத்திட்டாரா?"

"அப்பவே நிறுத்திட்டாரே. என் பக்கத்துலதான் உக்காந்திருக்காரு."

சக்கரத்துக்கு அடியில் களிமண் மெல்ல இளகியது. இரண்டு காலையும் பிரேக்கில் வைத்து அமுக்கினான். எங்கும் பால் போல வெள்ளை. ஒரே ஒரு தட்டு. ஒன்று போதும். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான்.

தட்.

மூச்சை விட்டான்.

தட்.