எண்பத்தொன்றாவது நூல்

முதல் தப்பு ப்லாமென் அண்ணனுடையது என்று நான் இன்றைக்கும் சொல்வேன். எங்கள் ஊரில், அதுவும் மார்ச் மாதத்தில், யாராவது பூத்த மரத்தில் சிவப்பு நூலும் வெள்ளை நூலும் கட்டி அடையாளம் வைப்பார்களா?

மார்ச் முதல் தேதி ஒருவர் கையில் ஒருவர் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் கட்டிவிடுவது எங்கள் வழக்கம். அதற்கு மார்டெனிட்சா என்று பெயர். பூத்த மரம் ஒன்றைப் பார்க்கும்வரை அது கையிலேயே இருக்கும். பார்த்ததும் கழற்றி, மனதுக்குள் ஒன்றை வேண்டிக்கொண்டு, அந்த மரத்தில் கட்டிவிடுவோம்.

அந்த வருடம் மரத்தைக் கண்டுபிடித்தவள் நேதா. எங்கள் நாலாம் வகுப்பிலேயே குள்ளம் அவள்தான், ஆனால் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. பள்ளிக்குப் பின்னால் பல்கலைக்கழகத்தின் தோட்டம் இருக்கிறது. அங்கே சிவப்பாகப் புளிப்புப் பழம் காய்க்கும் ஒரு திரியான் மரம், இலை விடுவதற்கு முன்பே கிளையெல்லாம் மஞ்சளாகப் பூத்திருந்தது. கேட் திறந்திருந்தது. நேதா முன்னால் போக, வகுப்பில் இருபத்துமூன்று பேரும் உள்ளே போனோம். ஆளுக்கு இரண்டு மூன்று நூல் கட்டினோம். மரத்தில் ஏற்கெனவே நிறைய நூல் இருந்தது. எங்களை யாரோ முந்திக்கொண்டார்கள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

அன்று சாயங்காலம் நல்ல மழை. மறுநாள் மதிய இடைவேளையில் நேதா வேலி வழியாக எட்டிப் பார்த்தாள்.

"ரலிட்சா, இங்க வாடி. அந்த மரத்தடியில ஒரு அண்ணன் உக்காந்திருக்காரு. அழறாரு போல."

நாங்கள் உள்ளே போனோம். அவர் அழவில்லை. அழுவதற்குச் சற்று முன்பு முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மடியில் ஒரு நோட்டு.

"என்னாச்சுண்ணா?" என்றாள் நேதா.

"யாரோ மரம் பூரா மார்டெனிட்சா கட்டிட்டுப் போயிட்டாங்க."

"நாங்கதாண்ணா."

நான் அவளைக் கிள்ளினேன். சொன்ன பிறகு கிள்ளி என்ன பயன்?

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அவர் பெயர் ப்லாமென், அந்தப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் ஆராய்ச்சி செய்கிறாராம். திரியான் பழத்தில் மருந்துக்கு ஆகிற சத்து ஒன்றைத் தேடுகிறாராம். மலையில் நிற்கும் ஒரு மரத்தின் பழத்தில் அது நிறைய இருக்கிறதாம்.

"அந்த மலை மரத்தோட மகரந்தத்த இந்தப் பூவுல தடவி விட்டேன்," என்றார். "இது அம்மா, அது அப்பா. பொறக்கப்போற செடிக்கு அப்பாவோட சத்து வருமான்னு பாக்கணும். அந்தப் பூவுக்கெல்லாம் செவப்பு நூல். ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக ஊர் மரத்து மகரந்தம் தடவின பூவுக்கு வெள்ளை நூல். வேற மகரந்தம் ஒட்டாம இருக்க மேல துணிப்பை மாட்டியிருந்தேன். நேத்துக் காலைலதான் பைய எல்லாம் கழட்டினேன்."

"வேற கலரே கெடைக்கலையாண்ணா?" என்று கேட்டேன்.

"மார்டெனிட்சா பண்ணின நூல் வீட்டுல மிச்சம் இருந்துச்சு," என்றார் அவர் மெதுவாக.

நேதாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இவ்வளவு படித்தவர்.

மழையில் எங்கள் நூலின் சிவப்புச் சாயம் ஒழுகி, மரத்திலிருந்த வெள்ளை எல்லாம் இளஞ்சிவப்பாகியிருந்தது. எது யாருடையது என்று தெரியவில்லை.

"எல்லாத்தையும் அவுத்துட்டு மறுபடி தடவுங்களேன்," என்றேன்.

"பூ வருஷத்துக்கு ஒரு தடவைதான். போன வருஷம் பனியில கருகிடுச்சு. இந்த வருஷமும் போச்சுன்னா ஆராய்ச்சிய விட்டுட்டு ஜெர்மனிக்கு வேலைக்குப் போக வேண்டியதுதான்."

ஜெர்மனி என்றதும் நேதா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அப்பா அங்கேதான் லாரி ஓட்டுகிறார். இரண்டு வருடமாக ஊருக்கு வரவில்லை. மரத்தில் நூல் கட்டும்போது நேதா என்ன வேண்டிக்கொண்டாள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

அவள் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்: "அண்ணா, உங்க நூல நீங்க தேடாதீங்க. எங்க நூல நாங்க தேடறோம். அவங்கவங்க கட்டினது அவங்கவங்களுக்குத் தெரியும். நாங்க எடுத்தது போக மிச்சம் இருக்கறது உங்களோடது."

பள்ளி விட்டதும் வகுப்பே மரத்தடியில் கூடியது. முதலில் மறுத்தது நான்தான்.

"கட்டினத அவுத்தா வேண்டினது நடக்காதுடி."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. எனக்கு நாய்க்குட்டி கெடைக்காமப் போனா நீயா வாங்கித் தருவே?"

பின்னால் நாலைந்து பேர் எனக்கு ஆமாம் போட்டார்கள். நேதா குதிகாலை உயர்த்தி ஒரு கிளையைத் தாழ்த்தினாள். நீல மணி கோத்த நூல் அவளுடையது. நனைந்த முடிச்சு லேசில் அவிழவில்லை. நகத்தால் நெருடி நெருடி, ஒரு பூகூட உதிராமல் அவிழ்த்தாள். திரும்பியபோது அவள் கண் கலங்கியிருந்தது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாய்க்குட்டிக்காக இவ்வளவு நேரம் சண்டை போட்டிருக்கிறேன். நான் என் நூலைத் தேட ஆரம்பித்தேன். மற்றவர்களும் வந்தார்கள்.

"இது என்னோடது. இவ்வளவு அசிங்கமா நான்தான் முடிச்சுப் போடுவேன்," என்றான் ஒருவன்.

"மெதுவாடா, பூ."

ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மரத்தில் இப்போது தனிச் சிவப்பும், வெள்ளையாக இருந்து இளஞ்சிவப்பான நூலும் நன்றாகப் பிரிந்து தெரிந்தன. ப்லாமென் அண்ணன் நோட்டைத் திறந்தார். சிவப்பு நாற்பது, வெள்ளை நாற்பது. மரத்தைச் சுற்றிச் சுற்றி எண்ணினார்.

"எண்பத்தொண்ணு வருது."

மறுபடி எண்ணினார். மறுபடியும் எண்பத்தொன்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்கறீங்க? மூணு கட்டினேன், மூணும் இதோ இருக்கு," என்று கையை விரித்துக் காட்டினேன்.

அண்ணனின் காது சிவந்துவிட்டது. குனிந்து, தரையோடு படர்ந்த ஒரு சின்னக் கிளையிலிருந்து ஒரு நூலை அவிழ்த்தார்.

"இது என்னோட மார்டெனிட்சா. மொதப் பூ பூத்த அன்னிக்குக் கட்டினேன். மறந்தே போயிட்டேன்."

நாங்கள் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். அண்ணனும் சிரித்தார். ஆனால் நூலைக் கையில் வைத்துக்கொண்டு தடவிக்கொண்டே இருந்தார்.

"நானும் அவுத்துட்டேனே," என்றார்.

"அதோ அந்தப் பிளம் மரத்துல மொட்டு விட்டிருக்குண்ணா," என்றாள் நேதா. "ரெண்டு வாரத்துல பூத்துடும். கைய நீட்டுங்க."

அவர் மணிக்கட்டில் அவள் கட்டிவிட்டாள். அவள் கையில் அவர் கட்டினார். நாங்களும் அவிழ்த்த நூலை ஒருவர் கையில் ஒருவர் மறுபடி கட்டிவிட்டோம்.

"இறுக்கமாப் போடாதீங்கண்ணா. மறுபடி அவுக்கணும்ல."

அன்றிலிருந்து தினமும் மதியம் நாங்கள் இருபத்துநான்கு பேர் கையில் நூலோடு பிளம் மரத்தடியில் நின்று மொட்டைப் பார்த்தோம்.